பாய்மரப் படகு வாழ்வு

பாய்மரப் படகு வாழ்வு என்பது, பாய்மரப் படகு ஒன்றையே வீடாகக் கொண்டு, கரையோரமாக ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குச் சென்றவாறு வாரக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ வாழ்வதையும், அவ்வாறு வாழும்போதே அப்படகைப் பழுதின்றிப் பேணுவதையும் குறிக்கும். மேலை நாடுகளில் இது பெரும்பாலும் ஒரு பொழுதுபோக்காகவோ ஓய்வுக்கால வாழ்க்கை முறையாகவோ அறியப்படுகின்றது. தமிழகக் கரையிலும் ஈழத்துக் கரையிலும் இது நெடுங்காலமாக ஒரு தொழில் வாழ்வாக இருந்து வந்துள்ளது. தூத்துக்குடித் தோணிகளிலும் வல்வெட்டித்துறைக் கலங்களிலும் பணியாற்றியோர் ஆண்டின் பெரும்பகுதியைக் கலத்திலேயே கழித்தனர்.

நிலத்தில் உள்ள வீட்டுக்கும் கடலில் உள்ள வீட்டுக்கும் இடையே அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. நிலத்து வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால் அதை அடுத்த வாரம் சரிசெய்யலாம். படகில் நீர்மட்டத்துக்குக் கீழுள்ள ஒரு குழாய் கழன்றால் சில மணி நேரத்தில் வீடே மூழ்கிவிடும். ஆகவே, இவ்வாழ்வில் பராமரிப்பு என்பது உயிர் காக்கும் அன்றாடக் கடமை ஆகும்.

கரையோடலும் நடுக்கடல் ஓடலும்

கரையோரமாகச் செல்வது நடுக்கடலைக் கடப்பதைவிட எளிது என்னும் எண்ணம் பொதுவாக உள்ளது. இது முழுவதும் உண்மையன்று. நடுக்கடலில் புயலில் சிக்கிய படகுக்கு அலையடித்துச் செல்லப்படுவதற்கேனும் இடம் உண்டு. கரையோரத்தில் காற்று கரையை நோக்கி வீசினால் படகு மணல் திட்டிலோ பாறையிலோ மோதி உடையும். மீன்பிடி வலைகள், விசைப்படகுகள், சரக்குக் கப்பல்கள், ஆற்று முகத்துவாரங்களில் இடம் மாறும் மணல் மேடுகள் ஆகியவையும் கரையோரத்திலேயே மிகுதி.

மற்றோர் இடர் தொலைவு பற்றியது. ஏறத்தாழ 9 மீட்டர் நீளமுள்ள ஒரு பாய்மரப் படகு சராசரியாக மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் செல்லும். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடல்வழித் தொலைவு 70 கடல் மைலுக்கு மேல். அதாவது, சாதகமான காற்றிலும் இப்பயணத்துக்கு ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். பகல் வெளிச்சத்துக்குள் இதை முடிக்க இயலாது. ஆகவே, ஓர் இரவின் ஒரு பகுதியையேனும் வலைகளுக்கும் கப்பல்களுக்கும் நடுவே விழித்திருந்து கடக்க வேண்டும்.

பாய்மரப் படகு காற்று வீசும் திசைக்கு நேர் எதிராகச் செல்ல இயலாது. காற்றுக்கு ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் இடமும் வலமுமாக மாறி மாறிச் சென்றே முன்னேற வேண்டும். இவ்வாறு செல்லும்போது 100 கி.மீ. தொலைவு ஏறத்தாழ 141 கி.மீ. ஆகின்றது. எதிர்த்து வரும் அலையும் நீரோட்டமும் இதனை மேலும் கூட்டும். பழங்காலக் கடலோடிகள் பருவக்காற்றுக்காகத் துறைகளில் மாதக்கணக்கில் காத்திருந்ததற்கு இதுவே காரணம்.

தமிழர் கடலோடலில்

தூத்துக்குடித் தோணி

தோணி என்னும் சொல் சிறு ஓடம் முதல் பெரிய சரக்குக் கலம் வரை பலவற்றையும் குறிக்கும். தூத்துக்குடியில் இது கடல் கடந்து சரக்கு ஏற்றிச் செல்லும் மரக்கலத்தைக் குறிக்கின்றது. இக்கலங்கள் கொழும்பு, மாலத்தீவு, இலட்சத்தீவு, கேரளக் கரை ஆகிய இடங்களுக்கு உப்பு, உணவுப் பொருட்கள், கட்டுமானப் பொருட்கள் போன்றவற்றைக் கொண்டு சென்றன. தூத்துக்குடியில் ஆழ்கடல் துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாகச் செயற்படத் தொடங்குவதற்கு முன், பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தொலைவிலேயே நங்கூரமிட்டன. அவற்றுக்கும் கரைக்கும் இடையே சரக்கை ஏற்றி இறக்கியவையும் தோணிகளே.

தோணியின் தலைவர் தண்டல் எனப்படுவார். ஈழத்தில் இச்சொல் தண்டையல் என வழங்குகின்றது. தோணி கட்டும் தச்சர் ஓடாவி எனப்படுவார். கலத்தின் முன்பகுதி அணியம், பின்பகுதி அமரம், அடிமரம் ஏரா, விலா எலும்பு போன்ற வளைசட்டங்கள் வங்கு, திசைதிருப்பும் உறுப்பு சுக்கான், பாய் கட்டும் குறுக்குமரம் பருமல், தடித்த கயிறு ஆலாத்து என அழைக்கப்படுகின்றன. பலகைகளுக்கு இடையேயுள்ள இடுக்குகளில் பஞ்சையோ நாரையோ திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் போன்ற பிசின் பூசி நீர் புகாமல் அடைக்கும் வேலை கலப்பத்து எனப்படும். இச்சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது.

தென்மேற்குப் பருவக்காற்று கடுமையாக வீசும் மாதங்களில் தோணிகள் கடலுக்குச் செல்வதில்லை. அம்மாதங்கள் பழுதுபார்ப்புக் காலமாகப் பயன்பட்டன. பிற்காலத்தில் தோணிகளில் பொறி பொருத்தப்பட்டது. இப்போது இயங்குபவை பொறியையே முதன்மையாக நம்பியுள்ளன. பாயை மட்டும் கொண்டு தோணி செலுத்தும் அறிவு தண்டல்களின் நினைவிலேயே பெரும்பாலும் இருந்தமையால், அத்தலைமுறையோடு அதுவும் மறைந்து வருகின்றது.

பாக்கு நீரிணையிலும் யாழ்ப்பாணக் கரையிலும் ஓடிய சில படகுகளில், காற்று வீசும் பக்கமாக ஒரு நீண்ட பலகையை வெளியே நீட்டி, அதன்மேல் ஆட்கள் ஏறி நின்று படகு சாயாமல் காத்தனர். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்சு ஆர்னெல் இத்தகைய படகுகளை ஆராய்ந்து, இந்தியப் படகு வகைகள் குறித்து 1920இல் ஓர் ஆய்வுநூலை வெளியிட்டார். இக்காலப் பந்தயப் படகுகளில் ஆட்கள் ஓரத்தில் தொங்கி எடையைச் சமன்செய்வதும் இதே இயற்பியல் தத்துவமே.

வல்வெட்டித்துறையின் அன்னபூரணி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறை கலங்கட்டுவதற்குப் பெயர் பெற்ற ஊர். இங்கு கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் இரு பாய்மரக் கலத்தை அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கினார். இவர் 1928 முதல் 1931 வரை சுவாப் என்னும் சிறு படகில் உலகைச் சுற்றி வந்தவர். அன்னபூரணிக்குத் தம் மனைவியின் பெயரால் புளோரன்சு சி. ராபின்சன் எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதனைச் செலுத்திச் சென்று, 1938 ஆகத்து மாதத்தில் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்திலுள்ள குளோசெஸ்டர் துறையை அடைந்தனர். கரையோர வணிகத்துக்காகக் கட்டப்பட்ட கலம் ஒன்று அத்திலாந்திக்கைக் கடந்து சென்றதால் இப்பயணம் இன்றும் அவ்வூரில் நினைவுகூரப்படுகின்றது.

தமிழகக் கரையின் இயல்பு

தமிழகத்தின் கடற்கரை ஏறத்தாழ 1,070 கி.மீ. நீளமுடையது. 14 மாவட்டங்கள் கடலைத் தொட்டுள்ளன. பாய்மரப் படகில் வாழ்வோருக்கு இக்கரையின் மூன்று இயல்புகள் முக்கியமானவை.

காற்றும் பருவமும்

கரையோர மக்கள் வடக்கிலிருந்து வீசுவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வீசுவதைக் கொண்டல் என்றும், தெற்கிலிருந்து வீசுவதைச் சோழகம் என்றும், மேற்கிலிருந்து வீசுவதைக் கச்சான் என்றும் அழைப்பர். கடல் நீரோட்டத்தை நீவாடு என்பர். ஓராண்டின் போக்கைப் பின்வருமாறு சுருக்கலாம்.

சனவரி முதல் மார்ச் வரை: வடகிழக்குக் காற்று தணிந்து, கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தெற்கு நோக்கிச் செல்வதற்கு ஏற்ற காலம்.

ஏப்ரல், மே: தெற்கிலிருந்து காற்று வீசத் தொடங்கும். நீரோட்டமும் வடக்கு நோக்கியே செல்வதால் வடக்கு நோக்கிய பயணத்துக்கு உதவும். எனினும், மே மாதத்தில் வங்கக் கடலில் புயல் தோன்றுவதுண்டு.

சூன் முதல் செப்டம்பர் வரை: தென்மேற்குப் பருவக்காற்று. சோழமண்டலக் கரை காற்றின் மறைவில் இருப்பதால் அங்கு கடல் ஓரளவு அடங்கியிருக்கும். மன்னார் வளைகுடாவிலும் கன்னியாகுமரிக் கடலிலும் காற்று கடுமையாக வீசும்.

அக்டோபர் முதல் திசம்பர் வரை: வடகிழக்குப் பருவக்காற்றும் புயல்களும். காற்று கரையை நோக்கி வீசும். பாய்மரப் படகு கடலில் இருக்கக்கூடாத காலம்.

கடைசியாகச் சொல்லப்பட்ட காலத்தின் தீவிரத்தை வரலாறு காட்டுகின்றது. 1746 அக்டோபரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள், நகருக்கு முன்னே நங்கூரமிட்டிருந்தபோது புயலில் சிக்கிச் சிதைந்தன. அக்காலத்து ஐரோப்பியக் கப்பல்கள் அக்டோபர் நடுப்பகுதிக்குள் இக்கரையை விட்டு அகல்வதை வழக்கமாகக் கொண்டிருந்தன. 1964 திசம்பரில் தனுசுக்கோடியை அழித்த புயல், 2011இன் தானே, 2016இன் வர்தா, 2018இன் கசா ஆகியவை யாவும் நவம்பர், திசம்பர் மாதங்களில் வந்தவையே. 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக்குத் தெற்கே கடந்த ஒக்கி புயலில், ஆழ்கடலில் இருந்த மீனவர் பலர் உயிரிழந்தனர்.

இயற்கைத் துறைகளின் குறைவு

சோழமண்டலக் கரை நேரானது, மணற்பாங்கானது. காற்றுக்கு ஒதுங்க விரிகுடாக்கள் அரிது. ஆற்று முகத்துவாரங்களில் மணல் மேடிடுவதால் ஆழம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சென்னைத் துறைமுகத்தினுள் இயங்கும் இராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் சர் பிரான்சிசு சுபிரிங் என்பவரால் தொடங்கப்பட்டது. அயல் மாநிலத்தில், கொச்சியின் போல்காட்டித் தீவில் இன்பப்படகுகளுக்கான துறை ஒன்று உள்ளது.

ஓதம் குறைவு என்பதும் கருதத்தக்கது. தமிழகக் கரையில் நீரேற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர் அல்லது அதற்கும் குறைவு. ஐரோப்பாவில் ஓதம் மிகுந்த துறைகளில், நீர் வற்றும்போது படகைத் தரை தட்ட வைத்து அதன் அடியைத் தேய்த்து வண்ணம் பூசிவிட்டு, நீர் ஏறும்போது மிதக்க விடுவர். இங்கு அது இயலாது. படகை ஆட்கள் கூடிக் கரையில் இழுத்தேற்ற வேண்டும், அல்லது பாரந்தூக்கியால் தூக்க வேண்டும்.

பாம்பன் கால்வாய்

வங்கக் கடலிலிருந்து மன்னார் வளைகுடாவுக்கு இலங்கையைச் சுற்றாமல் செல்ல விரும்பும் சிறு கலங்கள் பாம்பன் கால்வாய் வழியாகச் செல்கின்றன. இங்கு ஆழமும் பாலங்களின் உயரமும் தடைகளாகும். 1914இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தின் நடுப்பகுதி இரு சிறகுகளாகத் திறந்து கலங்களுக்கு வழிவிட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி செங்குத்தாக 17 மீட்டர் உயர்த்தப்படுகின்றது. பாலம் திறக்கும் நாளுக்காகக் கலங்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். கால்வாயைக் கடந்தபின் வரும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக உள்ளன. அங்குள்ள பவளப் பாறைகளின்மேல் நங்கூரம் இடுதல் கூடாது.

படகின் உடல்

படகின் உடல் எப்பொருளால் ஆனது என்பதைப் பொறுத்தே அதன் பராமரிப்பு அமைகின்றது.

மரம்: பழுதுபார்க்க எளிது. ஆனால் கப்பற்புழுவும் மக்குதலும் எதிரிகள்.

கண்ணாடியிழை: கரையோர மக்கள் இதனைப் பைபர் என்பர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் இவ்வகைப் படகுகள் பெருகின. மக்காது, துருப்பிடிக்காது. ஆனால் மேற்பூச்சின் வழியே நீர் ஊடுருவினால் நாளடைவில் கொப்புளங்கள் தோன்றும்.

எஃகு: வலிமை மிக்கது. துரு இடைவிடாத சிக்கல்.

அலுமினியம்: இலேசானது. பிற உலோகங்களோடு கடல்நீரில் சேரும்போது விரைவில் அரிக்கப்படும்.

இரும்புவலைச் சிமெந்து: கம்பி வலையின்மேல் சிமெந்துச் சாந்து பூசிச் செய்யப்படுவது. பிரான்சைச் சேர்ந்த யோசப் லூயி லம்போ என்பவர் 1848இல் இம்முறையில் ஒரு சிறு படகைச் செய்தார். வலுவூட்டிய கற்காரையின் தொடக்கங்களில் ஒன்றாக இப்படகு கருதப்படுகின்றது. 1960களிலும் 70களிலும் பலர் தம் வீட்டு முற்றத்திலேயே இம்முறையில் படகுகளைக் கட்டினர்.

அன்றாட வாழ்வு

நீர்

படகில் மிகவும் அரிய பொருள் நன்னீர். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 லிட்டர் வரை ஒதுக்குவது வழக்கம். 200 லிட்டர் தொட்டி இருவருக்கு ஏறத்தாழ 20 நாட்கள் வரும். பாத்திரம் கழுவுதலும் குளித்தலும் கடல்நீரில் செய்யப்பட்டு, இறுதியில் மட்டும் சிறிது நன்னீர் பயன்படுத்தப்படும். நீரை ஒரே தொட்டியில் வைக்காமல் இரண்டு மூன்று கலன்களில் பிரித்து வைப்பர். ஒன்றில் உப்பு கலந்தாலும் மற்றவை மிஞ்சும். எதிர்ச் சவ்வூடு முறையில் கடல்நீரை நன்னீராக்கும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. எனினும் அவற்றுக்கு மின்சாரம் மிகுதியாகத் தேவை.

மின்சாரம்

பெரும்பாலான படகுகளில் 12 வோல்ட் மின்கலம் பயன்படுகின்றது. இருவர் வாழும் ஒரு படகின் ஒருநாள் தேவையை எடுத்துக்காட்டாகப் பின்வருமாறு கணக்கிடலாம்.

அறை விளக்குகள்: 1 ஆம்பியர், 5 மணி நேரம் – 5 ஆம்பியர்-மணி
நங்கூர விளக்கு: 0.2 ஆம்பியர், 12 மணி நேரம் – 2.4
புவியிடங்காட்டியும் ஆழமானியும்: 1 ஆம்பியர், 10 மணி நேரம் – 10
வானொலித் தொடர்புக் கருவி: 0.5 ஆம்பியர், 12 மணி நேரம் – 6
மின்விசிறி: 1.5 ஆம்பியர், 10 மணி நேரம் – 15
குளிர்பதனப் பெட்டி: 4 ஆம்பியர், 12 மணி நேரம் – 48

மொத்தம் 86.4 ஆம்பியர்-மணி, அதாவது ஏறத்தாழ 1,037 வாட்-மணி. நாளொன்றுக்கு 5 மணி நேர முழு வெயிலும் 70 விழுக்காட்டுத் திறனும் கொண்டால், 300 வாட் சூரியத் தகடு தேவைப்படும். இரண்டு நாட்கள் வெயில் இல்லாவிட்டாலும் தாங்க வேண்டும், ஈய-அமில மின்கலத்தைப் பாதிக்கு மேல் வடியவிடக் கூடாது என்னும் இரு நிபந்தனைகளையும் சேர்த்தால், ஏறத்தாழ 350 ஆம்பியர்-மணி கொள்ளளவு வேண்டும்.

இக்கணக்கில் பாதிக்கு மேற்பட்ட பங்கு குளிர்பதனப் பெட்டிக்கே செல்வதைக் கவனிக்கலாம். அதை விட்டுவிட்டால் 130 வாட் அளவுள்ள தகடே போதும். எனவேதான் நெடுநாள் படகில் வாழ்வோர் பலர் அதனைத் தவிர்த்து, அரிசி, பருப்பு, கருவாடு, ஊறுகாய், வெங்காயம், புளி போன்ற கெடாத பொருட்களை நம்புகின்றனர்.

சமையல்

சமையலடுப்பு, படகு சாயும்போதும் நிமிர்ந்தே நிற்குமாறு இரு முளைகளில் ஊசலாடும்படி அமைக்கப்படும். சமையல் எரிவளி காற்றைவிட அடர்த்தி மிக்கது. கசிந்தால் படகின் அடிக்கிடங்கில் தேங்கி, ஒரு பொறியில் வெடிக்கும். ஆகவே உருளை வெளியே, கசிவு கடலுக்குள் வடியும் வகையில் வைக்கப்படும். சமைத்து முடித்ததும் உருளையின் வாயிலேயே அடைத்துவிடுவது கண்டிப்பான விதியாகும்.

உறக்கமும் நங்கூரமும்

படகில் அமைதியான உறக்கம் நங்கூரத்தைப் பொறுத்தது. நங்கூரம் தன் எடையால் மட்டும் படகைப் பிடித்து நிறுத்துவதில்லை. சங்கிலி கடலடியில் கிடையாகக் கிடந்து இழுக்கும்போது நங்கூரத்தின் அலகு மணலுக்குள் புதைந்து பிடிக்கின்றது. சங்கிலி நேராக மேல்நோக்கி இழுத்தால் அலகு பெயர்ந்துவிடும். ஆகவே, ஆழத்தைப் போல 5 முதல் 7 மடங்கு நீளம் விடப்படும். ஆழம் 5 மீட்டரும், அணியத்தின் உயரம் 1 மீட்டரும் எனில் 30 முதல் 42 மீட்டர் வரை விட வேண்டும். நங்கூரமிட்டபின் கரையிலுள்ள இரு அடையாளங்களை, எடுத்துக்காட்டாக ஒரு கோயில் கோபுரத்தையும் ஒரு கலங்கரை விளக்கத்தையும், திசைகாட்டியால் குறித்துக்கொள்வர். அவற்றின் திசைக்கோணம் மாறினால் நங்கூரம் இழுபடுகின்றது என்று பொருள்.

பராமரிப்பு

அடிப்பகுதி

வெப்பமண்டலக் கடலில் படகின் அடியில் சில நாட்களிலேயே பாசி படியும். சில வாரங்களில் கொட்டலசு ஒட்டிக்கொள்ளும். இதனால் உராய்வு கூடி வேகம் குறையும். மரப்படகாயின் கப்பற்புழு துளைக்கும். பெயரில் புழு எனினும் இது சிப்பி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. வெளியே ஊசித்துளை அளவே தெரியும். உள்ளே மரம் தேன்கூடு போல ஆகியிருக்கும்.

பழங்காலத்தில் சுண்ணாம்பும் எண்ணெயும் கலந்த பூச்சுகள் இந்தியக் கரைகளில் பயன்பட்டன. இக்காலத்தில் செப்பு ஆக்சைடு கலந்த வண்ணப் பூச்சு பரவலாக உள்ளது. மிகுந்த நச்சுத்தன்மை கொண்ட கரிம வெள்ளீயப் பூச்சுகளைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு, 2008இல் நடைமுறைக்கு வந்தது.

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை நடைமுறையில் உள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் பல கரையேற்றப்பட்டுப் பழுதுபார்க்கப்படுகின்றன. ஓடாவி, பற்றவைப்பவர், பொறிப் பழுதுநீக்குநர் ஆகியோர் அப்போது ஓய்வின்றி உழைப்பர். பாய்மரப் படகுக்கு உதவி தேடுவோர் அதற்கு முன்னரே ஏற்பாடு செய்தல் நலம்.

உலோக அரிப்பு

இரு வேறு உலோகங்கள் கடல்நீரில் தொடர்புறும்போது ஒரு மின்கலம் உருவாகின்றது. அவற்றுள் வினைத்திறன் மிக்க உலோகம் கரையும். வெண்கலச் சுழலியும் எஃகுத் தண்டும் உள்ள இடத்தில் ஒரு துத்தநாகத் துண்டைப் பொருத்தினால், துத்தநாகம் தான் கரைந்து மற்றவற்றைக் காக்கும். பாதி கரைந்ததும் அதனை மாற்ற வேண்டும். பல மாதங்களாகியும் அது கரையாமல் புதிதாகவே இருந்தால் மகிழத் தேவையில்லை. மின்தொடர்பு அறுந்துள்ளது, வேறு ஏதோ கரைகின்றது என்பதே அதன் பொருள்.

துருப்பிடிக்காத எஃகும் கடலில் முழுப் பாதுகாப்பு உடையதன்று. காற்று படாத இடுக்குகளில் அதன் காப்புப் படலம் சிதைந்து, வெளியே தெரியாமல் வெடிப்பு உண்டாகும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் பெரும்பாலும் இவ்வாறே அறுகின்றன. கம்பியின் ஓர் இழை அறுந்து வெளியே நீட்டியிருந்தாலும் அக்கம்பி முழுவதையும் மாற்ற வேண்டும். ஒரு கம்பி அறுந்தால் பாய்மரமே சாயக்கூடும்.

பாயும் கயிறும்

பாயின் முதல் எதிரி காற்றன்று, வெயிலே ஆகும். புறவூதாக் கதிர்கள் செயற்கை இழையை நொறுங்கச் செய்கின்றன. பயன்படாத நேரத்தில் பாயை உறையிட்டு மூடுவதே அதன் ஆயுளை நீட்டும். கயிறுகள் உரசும் இடத்திலேயே தேய்வதால், அவ்வப்போது முனை மாற்றிக் கட்டுவர்.

நீர்க்கசிவு

கழிப்பறை, கழுநீர்த் தொட்டி, பொறியின் குளிர்நீர் ஆகியவற்றுக்காகப் படகின் உடலில் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் அடைப்பிதழும் இரப்பர்க் குழாயும் உண்டு. நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே உள்ள 38 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளையில் குழாய் கழன்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 லிட்டர் நீர் உட்புகும். இது 10 லிட்டர் வாளியில் 14 வாளி. பத்து நிமிடத்தில் ஒரு டன்னுக்கு மேற்பட்ட நீர் படகினுள் சேரும். ஒருவர் கைப்பம்பால் இறைத்து ஈடுசெய்வது கடினம்.

இதனைத் தடுக்கும் முறைகள் மிக எளியவை. ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு கிளிப் பொருத்துதல், மாதம் ஒருமுறை அடைப்பிதழைத் திருகிப் பார்த்தல், படகைவிட்டு இறங்கும்போது அனைத்தையும் மூடுதல், ஒவ்வொரு துளைக்கருகிலும் அதன் அளவுக்கேற்ற கூம்பு மரக்கட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுதல் ஆகியவை அவை.

கால அட்டவணை

நாள்தோறும்: அடிக்கிடங்கு நீர்மட்டம், பொறி எண்ணெய், மின்கல அளவு, பாய்மரக் கம்பிகளைக் கண்ணால் பார்த்தல்.
வாரந்தோறும்: கயிறுகளின் தேய்வு, உப்புப் படிந்த உலோகங்களை நன்னீரால் துடைத்தல்.
மாதந்தோறும்: அடைப்பிதழ்கள், துத்தநாகத் துண்டுகள், நீரில் மூழ்கி அடிப்பகுதியைத் தேய்த்தல்.
ஆண்டுதோறும்: கரையேற்றி வண்ணம் பூசுதல், சுக்கான், சுழலித் தண்டு, பாய்மர உச்சி வரை முழுச் சோதனை.

பாதுகாப்பும் சட்டமும்

கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான பன்னாட்டு விதிகள் 1972இல் வகுக்கப்பட்டன. இவற்றின்படி பொறிக்கலம் பொதுவாகப் பாய்க்கலத்துக்கு வழிவிட வேண்டும். எனினும், மீன்பிடித்துக் கொண்டிருக்கும் கலத்துக்குப் பாய்க்கலமே வழிவிட வேண்டும். குறுகிய வாய்க்காலில் பெருங்கப்பலின் வழியை மறித்தலும் கூடாது. இந்தியாவில் கடலில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவல்படையை 1554 என்னும் எண்ணில் அழைக்கலாம். கரையிலிருந்து விலகிய இடங்களில் வானொலியின் 16ஆம் அலைவரிசையும், செயற்கைக்கோள் வழியே இருப்பிடத்தை அறிவிக்கும் அபாய மிதவையும் பயன்படுகின்றன.

பாக்கு நீரிணையில் செல்வோர் 1974, 1976 ஆண்டுகளின் உடன்பாடுகளால் வரையறுக்கப்பட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லையைக் கருத்திற்கொள்ள வேண்டும். நீரிணை குறுகலானதால், காற்றுக்கு எதிராக இடமும் வலமுமாகச் செல்லும் பாய்மரப் படகு அறியாமலே எல்லையைக் கடக்கக்கூடும்.

அண்மைக்கால இந்தியப் பயணங்கள்

இந்தியக் கடற்படையின் திலீப் தோண்டே, கோவாவில் கட்டப்பட்ட மாதேயி என்னும் 56 அடிப் பாய்மரப் படகில் 2009 ஆகத்து முதல் 2010 மே வரை, நான்கு துறைகளில் நின்று தனியே உலகைச் சுற்றினார். அபிலாசு டோமி 2012 நவம்பர் முதல் 2013 மார்ச் வரை அதே படகில் எங்கும் நிற்காமல் சுற்றி வந்தார். இவர் 2018 செப்டம்பரில் கோல்டன் குளோப் போட்டியின்போது, பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் காயமுற்று இந்தியப் பெருங்கடலில் மீட்கப்பட்டார். பின்னர் அதே போட்டியில் மீண்டும் கலந்துகொண்டு 2023இல் இரண்டாம் இடம் பெற்றார்.

வர்த்திகா சோசி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் 2017 செப்டம்பர் முதல் 2018 மே வரை தாரிணி என்னும் படகில் உலகைச் சுற்றினர். இப்பயணத்தின் இறுதிக் கட்டத்தில் திசைதிருப்பும் கருவி பழுதுற்றதால், திட்டமிடாத நிறுத்தமாக மொரீசியசின் போர்ட் லூயி துறைக்குச் செல்ல நேர்ந்தது. 2024 அக்டோபர் முதல் 2025 மே வரை தில்னாவும், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் இருவராகவே தாரிணியில் உலகைச் சுற்றி வந்தனர். இரண்டு பேர் மட்டுமே உள்ள படகில் மாலுமி, தச்சர், மின்பணியாளர், மருத்துவர், சமையலாளர் ஆகிய அனைத்தும் அவர்களே.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களும் கடலும்

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்குக் கடற்கரை இல்லை. எனினும் கடலோடு அவற்றுக்குள்ள தொடர்பு பழமையானது. ஏறத்தாழ 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கிரெட்டேசியக் காலத்தின் ஒரு பகுதியில் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. கடல் உயிரிகளின் ஓடுகள் படிந்து உருவான சுண்ணாம்புக்கல்லே இன்று அரியலூர் சிமெந்து ஆலைகளின் மூலப்பொருள் ஆகும். பழங்காலப் படகின் அடிப்பூச்சான சுண்ணாம்பும், மேலே கூறப்பட்ட சிமெந்துப் படகும் வேதியியல் நோக்கில் இதே கல்லின் வழிவந்தவை. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள, ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுடைய கல்மரத்தை எம். எசு. கிருட்டிணன் 1940இல் அறிவித்தார். பண்டைக் கடலின் படிவுகளுக்குள் புதைந்து கல்லான பெருமரம் அது.

அரியலூர் மாவட்டத்தின் தென் எல்லையாக ஓடும் கொள்ளிடம் பழையாறு அருகே கடலில் கலக்கின்றது. அம்மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரம் முதலாம் இராசேந்திர சோழனின் தலைநகராக இருந்தது. 1025இல் கடாரத்தின் மீதும் சிறீவிசயத்தின் மீதும் நடத்தப்பட்ட கடற்படையெடுப்பு இம்மன்னனின் காலத்தது. அப்படையெடுப்பில் சென்ற கலங்களின் வரைபடங்களோ கட்டுமானக் குறிப்புகளோ நமக்குக் கிடைக்கவில்லை. மரக்கலங்கள் மக்கிப் போகும். அவற்றைச் செலுத்தியவரின் அறிவு எழுதப்படாவிடின் அதுவும் அவ்வாறே. தூத்துக்குடியிலும் வல்வெட்டித்துறையிலும் இன்னும் வாழும் முதிய கடலோடிகளின், ஓடாவிகளின் சொற்களையும் செய்முறைகளையும் பதிவு செய்வது இக்காரணத்தால் முதன்மை பெறுகின்றது.

இவற்றையும் பார்க்க

தோணி
கட்டுமரம்
பருவக்காற்று
பாம்பன் பாலம்
வல்வெட்டித்துறை
கங்கைகொண்ட சோழபுரம்